ஜெயவேல் தெரு

கல்மண்டபம், இராயபுரம்
9 ஏப்ரல் 1922

அன்புள்ள அண்ணாவுக்கு அங்கம்மா எழுதுவது.

ஜெயிலில் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உள்ளே கொடுப்பார்களாம். படிக்கட்டும். அவர்களுக்குத் தெரியாதது இதில் எதுவும் இல்லை.

என் வீட்டுக்காரருக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. நீ இல்லாததால் அவருடைய சித்தப்பா மகன் நின்று செய்தார். ஊரில் இன்னும் உன் பேச்சுத்தான். கல்மண்டபம் முனையில் என் வீட்டுக்காரரின் பாடையும் மதார் சாகிப்பின் சந்தூக்குப் பெட்டியும் பிரிந்து போகிற இடத்தில் நீ கைவண்டி மேல் ஏறி நின்று, "இந்த ரெண்டு பேர் மேல ஆணை, ஆலை வாசல்ல நடந்த நெசத்த ஒலகத்துக்குச் சொல்லாம ஓயமாட்டேன்" என்றாயே, அதைச் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லி விளையாடுகிறார்கள். அந்தப் பேச்சுக்குத்தான் உனக்கு ஆறு மாசம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஜீனத் தன் புருஷன் மதார் சாகிப்புக்காக இத்தாவில் இருக்கிறாள், நாலு மாசம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. நான்தான் போய்ப் பார்க்கிறேன். தாலி அறுத்தவள் இப்படித் தெருவில் நடக்கலாமா என்று கேட்கிறார்கள். கேட்டுக்கொள்ளட்டும். நேற்று அவள் சொன்னாள்: "ஒன் அண்ணன் வந்து நெசத்த சொல்லிட்டா போதும் அங்கம்மா. நாய வெரட்டக்கூட கல்லு எட்க்காத மன்சன் அவரு. அவர சுட்டுட்டு, கலகம் பண்ண வந்தாருன்றானுங்க."

அடுத்த மாதம் விசாரணைக் கமிட்டி உட்காருகிறதாம். ஆலைக் காவல்காரர்கள் சுட்டதைப் பற்றிக் கேட்பதைவிட நார்க் கிடங்கு எரிந்ததைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள் என்கிறார்கள். உள்ளே ஒரு காவல்காரன் வெந்து செத்திருக்கிறானே, அதனால். நார்த் தூசி பறக்கிற இடத்தில் துப்பாக்கி வெடித்தால் தீப்பிடிக்காதா? அதை நீ சொல்லவேண்டும். சங்கத்தின் செயலாளர் நீ. பூட்டிய ஆலை வாசலில் முன்வரிசையில், அவருக்குப் பக்கத்தில் நின்றவன் நீ. அவர் கையில் நான் கொடுத்தனுப்பிய கஞ்சித் தூக்கைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தவன் நீ.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
அங்கம்மா

*

வேலூர் ஜெயில்
30 ஏப்ரல் 1922

பிரியமுள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. சுருக்கமாகத்தான் எழுத அனுமதி.

ஜெயவேல் எனக்கு மைத்துனன் என்பது ஊருக்குத்தான். எனக்கு அவன் கூடப் பிறக்காத தம்பி. ஆலையில் ஒரே முறுக்கு இயந்திரத்தின் இரண்டு பக்கமும் ஏழு வருஷம் நின்றோம். ஒருவன் கை அயர்ந்தால் மற்றவன் கை போய்விடும். அப்படிப்பட்ட நம்பிக்கை அது. கமிட்டி முன் நான் என்ன சொல்வேன் என்று நீ யோசிக்கவே வேண்டாம்.

அழாதே. ஜீனத் அக்காவுக்கும் சொல். நான் வந்துவிடுவேன்.

அண்ணன்
லட்சுமணன்

*

எண்ணூர்
14 நவம்பர் 1922

அண்ணா,

பள்ளிக்கூடம் சௌகரியமாகத்தான் இருக்கிறது. முப்பத்தோரு பெண் பிள்ளைகள். பாதிப் பேர் உப்பளத்து வேலை இல்லாத நாளில் மட்டும் வருகிறார்கள். மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தது வீண் போகவில்லை. நீ போய்ப் பேசியதால்தான் இந்த வேலை கிடைத்தது, அதை மறக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கவேண்டும். நேரில் இரண்டு தடவை கேட்க வாயெடுத்தேன். இரண்டு தடவையும் உன்னைச் சுற்றிப் பத்துப் பேர்.

கமிட்டியின் முடிவைப் பேப்பரில் படித்தேன். கூட்டம் தீப்பந்தத்தோடு வந்ததாம், கிடங்கைக் கொளுத்தியதாம், உயிரைக் காத்துக்கொள்ளக் காவல்காரர்கள் சுடவேண்டி வந்ததாம். யார் மேலும் வழக்கு இல்லை. "தகுந்த சாட்சியத்தின் பேரில்" என்று போட்டிருக்கிறது. யாருடைய சாட்சியம்? நம் ஆட்கள் நாற்பது பேர் திறந்த சபையில் சொன்னதை நானே உட்கார்ந்து கேட்டேன். ஒருவர்கூடப் பந்தத்தைப் பற்றிப் பேசவில்லை. உன்னை மட்டும் வேலூரிலிருந்து அழைத்து வந்து மூடிய அறையில் விசாரித்தார்கள். அப்புறம் ஆறு மாசத் தண்டனை மூன்று மாசத்தில் முடிந்தது.

நான் சந்தேகப்பட்டு எழுதவில்லை. அந்த அறையில் என்ன நடந்தது என்று தெரிந்தால் ஜீனத்துக்குப் பதில் சொல்வேன். அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அங்கம்மா

*

இராயபுரம்
20 நவம்பர் 1922

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்து ஒரு நாள் முழுக்கச் சோறு இறங்கவில்லை. யார் கேட்டாலும் தாங்குவேன், நீ கேட்கிறாய்!

கேள். ஜெயவேல் பக்கத்தில் நின்றேன், அவன் கையில் தூக்குத்தான் இருந்தது, துப்பாக்கிதான் கிடங்கைக் கொளுத்தியது என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். நாம் சொன்னதை எழுதிவிட்டு அவர்கள் நினைத்ததை அச்சடித்தார்கள். இந்தத் தேசத்தில் இது புதிதா? தண்டனையைக் குறைத்தது, ஜெயிலில் எனக்கு ரத்தபேதி வந்ததால். டாக்டரின் சீட்டு இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன்.

இனிமேல் வாசலில் நின்று கத்திப் பிரயோசனம் இல்லை அங்கம்மா. கதவு உள்ளிருந்துதான் திறக்கும். அடுத்த தேர்தலில் நம் டிவிஷனுக்குக் கவுன்சிலராக நிற்கப்போகிறேன். ஆலைக்காரர்களில் ஓட்டு உள்ளவன் எவனும் இல்லை. வரி கட்டுகிறவனுக்குத்தானே ஓட்டு? ஆனால் ஓட்டில்லாதவன் கூட்டத்துக்கு வந்தால், ஓட்டுள்ளவன் அந்தக் கூட்டத்தைப் பார்த்து ஓட்டுப் போடுவான். இது நான் கற்றுக்கொண்ட பாடம்.

லட்சுமணன்

*

இராயபுரம்
3 அக்டோபர் 1925

தங்கச்சி,

ஜெயித்துவிட்டோம்! தந்தி அடித்திருப்பேன், கடிதம் என்றால் நீ பத்திரமாக வைத்துக்கொள்வாய்.

என்னை எதிர்த்து நின்ற வக்கீல் ரகுபதி, மூன்று அடுக்கு வீட்டுக்காரர், கோச்சு வண்டியில் வந்தார். நான் நடந்தேன். கல்மண்டபத்திலிருந்து காசிமேடு வரை நூறு பேர் என் பின்னால் நடந்தார்கள். முன்னால் ஜெயவேல், மதார் சாகிப் இரண்டு பேரின் பெயரையும் துணியில் எழுதித் தூக்கிப் போனோம். மீன்காரி ஒருத்தி வந்து என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "எங்கூர்லேர்ந்து ஒர்த்தன் கோட்டு போட்டுகினு உள்ள போறான்டி!" என்று கத்தினாள். கோட்டு இரவல் என்பதை நான் சொல்லவில்லை.

முதல் காரியம் தண்ணீர்க் குழாய். இரண்டாவது விளக்கு. மூன்றாவது அந்தச் சாக்கடை. ஆலை விஷயம் அதற்கப்புறம். முதல் நாளே அதை எடுத்தால் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து என்னை உட்காரவைத்துவிடுவார்கள்.

நீ வந்திருக்கலாம்.

லட்சுமணன்

*

எண்ணூர்
11 ஜூன் 1928

அன்புள்ள அண்ணா,

பேதி சமயத்தில் நீ செய்ததைப் பற்றி இங்கே ரயிலில் வருகிறவர்கள்கூடப் பேசுகிறார்கள். வீடு வீடாகப் போய்ச் சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்தாயாம், பிணம் தூக்க ஆள் இல்லாத இடத்தில் நீயே தோள் கொடுத்தாயாம். கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. கல்மண்டபத்துக் குழாயடியில் ஒரு பெண் என்னை அடையாளம் கண்டு, "கவுன்சிலரு தங்கச்சி, நீ மொதல்ல புடிச்சிக்கோ" என்று வரிசையில் முன்னால் விட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடைசியில் போய் நின்றுகொண்டேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஆலையில் புதுக் கட்டடம் திறந்த படம் பேப்பரில் வந்ததே, அதில் துரைக்கு மாலை போடுகிறவன் நீதானா? முகம் சரியாகத் தெரியவில்லை. ஆலை விஷயம் மூன்றாவதற்கு அப்புறம் என்று எழுதியிருந்தாய். குழாய் வந்துவிட்டது, விளக்கு வந்துவிட்டது, சாக்கடையும் மூடியாகிவிட்டது.

கோபித்துக்கொள்ளாதே.

அங்கம்மா

*

இராயபுரம்
22 ஆகஸ்ட் 1932

என் கண்ணான தங்கச்சிக்கு,

நாலு வருஷமாகப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாலு வரி எழுதிக்கொண்டதோடு சரி. அந்த மாலைப் படத்துக்கு நான் பதில் எழுதாதது உனக்கு மனத்தில் இருக்கும். மாலை போடாமல் அந்தத் தெருவுக்கு ரோடு வந்திருக்காது. அவ்வளவுதான் பதில்.

இப்போது எனக்கு ஒரு ஆபத்து. வண்ணாரப்பேட்டையில் அச்சகம் வைத்திருக்கிற மஜீது, மதார் சாகிப்பின் தாய்மாமன் மகன், உனக்குத் தெரியும். அவன் ஒரு நோட்டீஸ் அடித்து டிவிஷன் முழுக்க விநியோகித்திருக்கிறான். இருபத்திரண்டில் மூடிய அறையில் நான் கம்பெனிக்குச் சாதகமாகச் சாட்சி சொன்னேனாம். அதற்குக் கூலியாகத்தான் விடுதலையாம். ரகுபதியின் பணம் இதற்குப் பின்னால் இருக்கிறது. தேர்தலுக்கு இன்னும் பதினெட்டு நாள்.

நான் இல்லை என்றால் அரசியல்வாதி மறுக்கிறான் என்பார்கள். நீ சொன்னால் கதை வேறு. ஜெயவேலின் மனைவி நீ. வருகிற நான்காம் தேதி சாயங்காலம் கல்மண்டபம் மைதானத்தில் கூட்டம். மேடை ஏறி ஒரே வார்த்தை சொன்னால் போதும். உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

பத்து வருஷத்துக்கு முன் நீ என்னைக் கேட்டாய், நான் உண்மையைச் சொன்னேன். அதையே ஊருக்குச் சொல் என்கிறேன்.

அண்ணன்

*

எண்ணூர்
15 செப்டம்பர் 1932

அண்ணா,

நீ ஜெயித்த செய்தி வந்தது. சந்தோஷம்.

மேடையில் ஏறி நின்றேன். முன்னால் ஆலைக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் மீன்காரப் பெண்கள், ஓரத்தில் துப்பட்டியைப் போர்த்துக்கொண்டு ஜீனத். "என் புருஷன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், என் அண்ணன் எங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை" என்றேன். முதலில் ஜீனத் கைதட்டினாள். அவளைப் பார்த்து எல்லாரும் தட்டினார்கள்.

கீழே இறங்கினதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மஜீது எங்க ஆளுதான், இருந்தாலும் அவன் பேச்ச நான் நம்பல. ஒன் வாயால வந்துச்சே, அது போதும்" என்றாள்.

புருஷன் மேல் ஆணை என்று நீ சொல்லச் சொல்லவில்லை. அது தானாக வந்தது. உன்னை நம்பித்தான் வந்தது. இதை உனக்குத் தெரியப்படுத்தவேண்டும் என்று தோன்றியது.

அங்கம்மா

*

இராயபுரம்
27 பிப்ரவரி 1933

தங்கச்சிக்கு,

மஜீது மேல் மான நஷ்ட வழக்குப் போட்டது உனக்குத் தெரியும். அதை அப்படியே விட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஜெயித்த சூட்டில், கூட இருந்தவர்கள், "உள்ள தள்ளு அண்ணே அவன" என்றார்கள்.

அவன் வக்கீல் எங்கிருந்தோ பழைய வாக்குமூலத்தின் அசலை வரவழைத்திருக்கிறார். அதில் உள்ள கையெழுத்து என்னுடையதல்ல என்று கோர்ட்டில் சொல்லியிருக்கிறேன். உன்னைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார்கள். சம்மன் வந்திருக்கும்.

காகிதத்தைக் கையில் கொடுத்துக் கேட்பார்கள். பதினோரு வருஷம் ஆகிவிட்டது, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்று சொன்னால் போதும். அது பொய்யும் ஆகாது. அதில் எழுதியிருப்பதைப் படிக்காதே. வக்கீல்கள் எதையும் எழுதிச் சேர்ப்பார்கள்.

நம் அம்மா சாகும்போது உன் கையை என் கையில் பிடித்துக் கொடுத்தாள். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

லட்சுமணன்

*

எண்ணூர்
9 மார்ச் 1933

கவுன்சிலர் லட்சுமணன் அவர்களுக்கு,

தாங்கள் முன் பெஞ்சில் உட்கார்ந்து தங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்ததால், நடந்ததைத் தாங்கள் கேட்டீர்களே தவிரப் பார்க்கவில்லை. ஆகையால் எழுதுகிறேன்.

வக்கீல் என்னிடம் நாலு பக்கக் காகிதத்தைக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தின் அடியைக் காட்டி, "இந்தக் கையெழுத்து யாருடையது?" என்றார். படிக்காதே என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள். நான் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா. கையில் காகிதம் வந்தால் மேலிருந்துதான் கண் போகும்.

மூன்றாம் பக்கத்தில் இருந்தது. "முதலில் தீப்பந்தத்தை வீசியவன் என் மைத்துனன் ஜெயவேல். நான் தடுத்தும் அவன் கேட்கவில்லை. மதார் சாகிப் என்பவர் அவனுக்குப் பந்தத்தைப் பற்றவைத்துக் கொடுத்தார்."

மஜீதின் நோட்டீஸில் இதில் பாதிகூட இல்லை. அவருக்கே முழுதும் தெரிந்திருக்கவில்லை.

நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நீதிபதி பொறுமையானவர். "அவசரமில்லை, யோசித்துச் சொல்லம்மா" என்றார். கூண்டுக்குப் பக்கத்தில் மஜீது நின்றிருந்தார். நான் தெரியவில்லை என்றால் அவர் ஜெயிலுக்குப் போவார். நான்கு பிள்ளைகளும் அச்சுக்கோர்க்கிற இரண்டு கைகளும்தான் அவருக்கு ஆஸ்தி. அவரைப் பார்த்துத்தான் உண்மையைச் சொன்னேன் என்று எழுதினால் அது பெருந்தன்மையாக இருக்கும். அப்படி இல்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு மஜீதும் தெரியவில்லை, நீதிபதியும் தெரியவில்லை. கஞ்சித் தூக்கோடு வாசல்படி இறங்கிப் போன மனிதர்தான் தெரிந்தார்.

"யோசிக்க ஒன்றுமில்லை ஐயா. என் அண்ணன் கையெழுத்து" என்றேன்.

கோர்ட்டிலிருந்து நேரே தண்டையார்பேட்டைக்கு நடந்து ஜீனத் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் பக்கத்தில் இருந்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் அழுவாள், என்னை ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "மேடையில நீ சொன்னப்போ மொதல்ல கைதட்னது நான்தானே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

பள்ளிக்கூட வேலை தங்கள் சிபாரிசில் வந்தது. ராஜினாமாவை நேற்றுக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
காலஞ்சென்ற ஜெயவேலின் மனைவி
அங்கம்மா

*

இராயபுரம்
18 மார்ச் 1933

அங்கம்மா,

வழக்குத் தள்ளுபடி. கவுன்சிலர் பதவியையும் விட்டுவிட்டேன். வீட்டு வாசலில் சாணியைக் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள். பேதியில் பிழைத்த வீட்டுக்காரர்கள் ஊற்றியது. உன் ஒரு வார்த்தை செய்த வேலை இது. ரகுபதி எட்டு வருஷம் முயன்று முடியாததை, கூடப் பிறந்தவள் ஒரு மத்தியானத்தில் முடித்தாள். காட்டிக் கொடுத்தவன் என்று என்னைச் சொல்கிறார்கள். நீ செய்ததற்கு என்ன பெயர்?

எழுதக்கூடாது என்றிருந்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. கேள்.

அந்த அறையில் ஒரு மேஜை, மூன்று பேர், ஜன்னல் சாத்தியிருந்தது. ஒருவர் நல்ல தமிழில் பேசினார். "ஒரு காவல்காரன் எரிந்து செத்திருக்கிறான். அதற்கு ஒரு பெயர் வேண்டும். நீ செயலாளர். நீ சொல்லாவிட்டால் உன் பெயரை எழுதிக்கொள்கிறோம். தூக்குத்தான்" என்றார். துப்பாக்கிதான் கொளுத்தியது என்று ஒரு நாள் முழுக்கச் சொன்னேன். பேனாவை எடுக்கவே இல்லை. மறுநாளும் சொன்னேன். மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல்.

முன்வரிசையில் உயிரோடு மிஞ்சியவர்கள் பதினோரு பேர். எவன் பெயரைச் சொன்னாலும் அவன் கழுத்துக்குக் கயிறு. என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு கழுத்து. ஜெயவேல் செத்துவிட்டான், மதார் சாகிப் செத்துவிட்டார். செத்தவனை இரண்டாம் தரம் சாகடிக்க முடியாது என்று நினைத்தேன். அதை வைத்து ஆலையே தப்பிக்கொள்ளும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

அதற்கப்புறம் நான் போட்ட ஒவ்வொரு குழாயும், தூக்கிய ஒவ்வொரு பிணமும் எதற்கென்று நினைக்கிறாய்?

லட்சுமணன்

*

வண்ணாரப்பேட்டை
2 ஏப்ரல் 1933

அண்ணா,

முடியும். செத்தவனை இரண்டாம் தரம் சாகடிக்க முடியும். நான் கோர்ட்டில் நின்று பார்த்தேன்.

காய்ச்சலோடு மூன்றாம் நாள் அந்த அறையில் இருந்தவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பன்னிரண்டு கழுத்து என்கிறாய். இருக்கலாம். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. வெளியே வந்த மறுநாள் என்னிடம் வந்து, "அங்கம்மா, உன் புருஷன் பெயரைக் கொடுத்துவிட்டுத்தான் உயிரோடு வந்தேன்" என்று சொல்லியிருந்தால், உன்னை அடித்திருப்பேன், அப்புறம் சோறு போட்டிருப்பேன்.

நீ அதைச் செய்யவில்லை. யார் பெயரைக் கொடுத்தாயோ அந்தப் பெயரையே துணியில் எழுதி முன்னால் தூக்கிக்கொண்டு ஓட்டுக் கேட்டாய். அது போதாதென்று என்னையும் மேடையில் ஏற்றினாய். அவர் மேல் நான் பொய்யாணை இட்டேன் அண்ணா. உன்னால் அதைத் திருப்பி எடுக்க முடியுமா?

உன்னிடம் நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆலை வாசலில், ஷிப்டு விடுகிற நேரத்தில் நின்று ஒரு வாக்கியம் சொல். "ஜெயவேலும் மதார் சாகிப்பும் தீ வைக்கவில்லை, நான் பொய் சொன்னேன்." கோர்ட்டு உன் கையெழுத்து உன்னுடையது என்றுதான் முடிவு செய்தது. நீ எழுதிக் கொடுத்தது பொய் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. உன்னைத் தவிர யாராலும் அதைச் சொல்லவும் முடியாது.

மஜீதின் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை கிடைத்திருக்கிறது. இந்த விலாசத்துக்கு எழுது.

அங்கம்மா

*

இராயபுரம்
29 அக்டோபர் 1936

அன்புள்ள தங்கச்சிக்கு,

மூன்றரை வருஷம் ஆகிவிட்டது. நான் மறுபடி ஜெயித்தது தெரிந்திருக்கும். இந்தத் தடவை புதுக் கட்சி. ரகுபதியே எனக்காக இரண்டு கூட்டம் பேசினார், நம்புவாயா? சாணி ஊற்றினவர்களில் ஒருவன் வந்து மாலை போட்டான். ஜனங்கள் மறக்கிறவர்கள் என்று சொல்லமாட்டேன். அவர்களுக்கு மழைக்கு முன் சாக்கடை தூர்வாரவேண்டும், அது யாரால் முடியும் என்பது தெரிகிறது.

நீ கேட்டதை நான் மறக்கவில்லை. வாசலில் நின்று அப்படிச் சொன்னால் என் காலம் அன்றோடு முடிந்துவிடும். பொய் வாக்குமூலம் என்று ஜெயிலுக்கும் அனுப்புவார்கள். எனக்கு ஐம்பது ஆகப்போகிறது. அதனால் அதைவிடப் பெரியதாக ஒன்று செய்திருக்கிறேன். ஆலைக்குப் போகிற சந்துக்கு ஜெயவேல் தெரு என்று பெயர் வைக்கத் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றிவிட்டேன். ஒருவர்கூட எதிர்க்கவில்லை. நம் ஆள் ஒருவன் பெயரில் இராயபுரத்தில் ஒரு தெரு! இனி நூறு வருஷத்துக்கு அந்தப் பெயரைச் சொல்லாமல் யாரும் வீட்டுக்கு வழி கேட்க முடியாது.

பதினைந்தாம் தேதி திறப்பு. நீ வந்து திரையை விலக்கவேண்டும். எல்லாரும் பார்க்கட்டும், நாம் ஒன்று என்று.

உன் அண்ணன்
லட்சுமணன்

*

வண்ணாரப்பேட்டை
20 நவம்பர் 1936

அண்ணா,

பதினைந்தாம் தேதி உன் கண் கூட்டத்தில் என்னைத் தேடியதைப் பார்த்தேன். கடைசியில் ஜீனத்தோடு நின்றிருந்தேன். திரையை நீயே விலக்கினாய். நன்றாகப் பேசினாய். உன் குரல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

கூட்டம் கலைந்தபின் பலகைக்குக் கிட்டே போனோம். ஜீனத்துக்குப் படிக்கத் தெரியாது. "இன்னா எழுதிகீது?" என்று கேட்டாள். படித்துச் சொன்னேன். மேலே ஜெயவேல் தெரு, கீழே திறந்து வைத்தவர் கவுன்சிலர் லட்சுமணன்.

"எங்க ஊட்டுக்காரரு பேரு?"

"இல்ல."

"அவரு நெருப்பு வெக்கலன்னு எழுதல?"

"எழுதல."

"அப்ப அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். கேட்டது ஒரு வாக்கியம் அண்ணா. ஒரு தெருவையே தூக்கிக் கொடுக்கிற உனக்கு ஒரு வாக்கியம் கொடுக்க மனம் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஷிப்டு விடுகிற நேரத்தில் நானே ஆலை வாசலுக்குப் போனேன். நீ சொல்லவேண்டியதை நான் சொன்னால் அது உண்மையாகிவிடாது என்பது தெரியும். இருந்தாலும் போனேன். வெளியே வந்தவர்களுக்கு எதிரே போய் நின்றேன். பிறகு, "பதினாலு வருஷத்துக்கு முன்னே இந்த வாசலில் சுடப்பட்டுச் செத்த ஜெயவேலும் மதார் சாகிப்பும் தீ வைக்கவில்லை. அப்படிச் சொன்னது பொய். அந்தப் பொய்யை நம்பி நானும் மேடையில் ஆணை இட்டேன்" என்றேன். நார் ஒட்டிய தலையோடு ஒரு பெண் நின்று கேட்டாள். "ஜெயவேலா? அது தெருவாச்சே யம்மா" என்றாள்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் அவளை உட்காரவைத்து முதலிலிருந்து சொன்னேன். அவர் எப்படி இருப்பார், என்ன சாப்பிடுவார், மதார் சாகிப் எப்படிச் சிரிப்பார், வாசலை எத்தனை மணிக்குப் பூட்டினார்கள், எல்லாம். அதற்கடுத்த நாள் அவள் இன்னும் மூன்று பேரைக் கூட்டிவந்தாள். நேற்று ஜீனத்தும் வந்தாள். அவள் பேசும்போது பதினேழு பேர் நின்றார்கள். ஆலைக் காவல்காரன் வந்து விரட்டினான். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டோம்.

இன்றைக்கும் போகவேண்டும். ஷிப்டு விடுகிற நேரம் ஆகிவிட்டது.

இதற்குப் பதில் எழுதாதே. நானும் இனி எழுதப்போவதில்லை. என்னிடம் சொல்ல ஏதாவது இருந்தால், நான் எங்கே நிற்கிறேன் என்று உனக்குத் தெரியும். உன் பலகையைத் தாண்டித்தான் வரவேண்டும்.

அங்கம்மா